ஆவடி டாங்கியைக் கரையேற்ற என்ன செலவாகும்?

பட்டினப்பாக்கத்தில் காலை ஆறரை மணி. ஃபைபர் படகு ஒன்று, அலை உடையும் இடத்துக்கு வெளியே எஞ்சினைத் தணித்துக்கொண்டு நிற்கிறது. ஓட்டுகிறவர் கரையைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பிக் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரிய அலைகள் இரண்டு மூன்றைப் படகுக்கு அடியில் போகவிடுகிறார். கொஞ்சம் தணிந்ததும் முழு வேகம். அலையின் முதுகில் ஏறி வந்த படகு மணலைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் எஞ்சினைத் தூக்கிச் சாய்த்துவிடுகிறார். தாமதித்தால் புரொப்பெல்லர் மணலில் அடிக்கும். முந்திவிட்டால் படகில் ஓட்டம் செத்துவிடும், பின்னால் வரும் அலை அதைக் குறுக்கே திருப்பிக் கவிழ்க்கும்.

பாராட்டும் விதமாக ஏதோ சொன்னேன். வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டே, "வர்றது பெரிசில்ல தம்பி. வந்த எடத்துலேர்ந்து திரும்பப் போவணும்ல" என்றார்.

நான் போனது மீன் வாங்கத்தான். ஆனால் மண்டைக்குள் அண்ணன் மகன் கேட்ட கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். நோட்டில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தான். ஐ.என்.எஸ். ஜலஷ்வா: 2007-ல் அமெரிக்காவிடம் வாங்கிய, படைகளைக் கரையில் தரையிறக்கும் கப்பல், சுமார் 17,000 டன், விலை 4.84 கோடி டாலர், அன்றைய மதிப்பில் 200 கோடி ரூபாய் அளவில். எல்.சி.யு. மார்க் 4: வீரர்களையும் டாங்கியையும் நேராக மணலில் இறக்கும் சின்னக் கலம், கொல்கத்தா கார்டன் ரீச் தளத்தில் கட்டியது, 830 டன், எட்டுக் கலங்களுக்கு 2,100 கோடிக்கு மேல், ஆக ஒன்று சுமார் 270 கோடி. "சித்தப்பா, யானை 200 ரூபா, ஆட்டுக்குட்டி 270 ரூபாயா?"

முதல் பதில் சுலபம். யானை செகண்ட் ஹேண்ட். ஜலஷ்வா 1971-ல் 'ட்ரென்டன்' என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த கப்பல். 36 வருஷம் அங்கே ஓடி, நீராவிக் கொதிகலனோடு நம்மிடம் வந்தது. கூடவே வந்த ஆறு ஹெலிகாப்டர்களுக்குத் தனியாக 3.9 கோடி டாலர். வாங்கிய விதத்தையும், பயன்படுத்துவதில் அமெரிக்கா போட்ட நிபந்தனைகளையும் நாட்டின் தலைமைத் தணிக்கை அதிகாரி 2008-ல் கடுமையாகவே விமர்சித்தார். பழைய கார் மாதிரிதான்: வாங்கும்போது மலிவு, மெக்கானிக்கிடம் நிற்கும்போது தெரியும்.

ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைத்ததிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தரையிறக்கும் கலத்தின் விலையைக் கப்பலின் டன் கணக்கில் பார்த்தால் எதுவும் புரியாது. எவ்வளவு தூரத்திலிருந்து, எப்படிப்பட்ட கரையில், ஒரு மணி நேரத்தில் எத்தனை டன்னைக் காய்ந்த மணலில் கொண்டுபோய் வைக்கிறது? விலையை அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைச் சென்னைக்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டமில்லை. ஏனென்றால் இந்த ஊரே ரொம்ப நாள் துறைமுகம் இல்லாமல், வெறும் அலையடிக்கும் மணல் கரையில் வியாபாரம் செய்த ஊர்.

1861-ல் ஓர் இரும்புப் பாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது. துறைமுகத்துக்கான வேலை 1876-ல்தான் தொடங்கியது, கட்டியதையும் 1881 புயல் உடைத்துப்போட்டது. அதற்கு முன்னாலெல்லாம் கப்பல் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். மசூலாவில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஐரோப்பியக் கப்பல்களின் மரப் படகு விறைப்பாக இருக்கும், அலை தூக்கி மணலில் அடித்தால் பிளந்துவிடும். மசூலா நெளிந்து கொடுக்கும், ஒழுகும், ஆனால் உடையாது. கவிழ்ந்தால் ஆளைத் தூக்கப் பக்கத்திலேயே கட்டுமரங்கள் வரும். அலை ரொம்ப மோசமென்றால் கரையில் கொடி ஏறும். அன்றைக்குப் படகு ஓடாது, கப்பல்காரன் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்றைய ராணுவத் தரையிறக்கத்தின் எல்லாப் பிரச்சினையும் இந்தக் காட்சியில் இருக்கிறது. தூரத்தில் தாய்க்கப்பல், நடுவில் அலை, கரைக்கு ஏற்ற சின்னக் கலம், போக வர ஆகும் நேரம், ஓட முடியாத நாட்கள். மாறியது சுமை மட்டும். மசூலா துணி மூட்டையும் துரைமாரையும் ஏற்றியது. இப்போது ஏற்ற வேண்டியது டாங்கி.

டாங்கி என்றால் நமக்கு அந்நியம் இல்லை, ஆவடியில் செய்வதுதான். அங்கே செய்த டி-72 நாற்பது டன்னுக்குக் கொஞ்சம் மேல். டி-90 நாற்பத்தாறரை. முதல் அர்ஜுன் ஐம்பத்தெட்டரை. 2021 பிப்ரவரியில் பிரதமர் சென்னைக்கு வந்து ராணுவத்திடம் ஒப்படைத்த அர்ஜுன் மார்க் 1ஏ, 68 டன். அந்த வருஷமே 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாயில் ஆர்டர் போட்டார்கள், ஒன்று கிட்டத்தட்ட 64 கோடி. டாங்கியின் எடை ஏறிக்கொண்டே போகிறது. அதைச் சுமக்க வேண்டிய படகோ ஒரு தடவை கட்டினால் முப்பது நாற்பது வருஷம் அதே அளவுதான். ஜலஷ்வாவின் வயிற்றுக்குள் இருக்கும் எல்.சி.எம்.-8 வகைப் படகுகளின் வடிவமைப்பு 1950-களைச் சேர்ந்தது. ஒன்றில் ஏற்றக்கூடிய சுமை ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு டன். டி-90 போகும். இந்த எண்களை வைத்துப் பார்த்தால் அர்ஜுன் இரண்டில் எதுவும் போகாது.

இந்தக் கலங்களின் உடலமைப்பைப் பார்த்தால் விலைக் கணக்கு பாதி புரிந்துவிடும். கரையில் ஏற வேண்டுமென்றால் அடி தட்டையாக இருக்க வேண்டும், தண்ணீரில் ஆழமாக அமிழக் கூடாது. முன்பக்கம் கதவு மாதிரி விழும் சாய்தளம் வேண்டும். அடி தட்டையாக இருந்தால் நடுக்கடலில் தாம்பாளம் போல ஆடும். முன்பக்கம் மொட்டையாக இருந்தால் தண்ணீரைக் கிழிக்காது, தள்ளிக்கொண்டுதான் போகும், வேகம் வராது. அதனால்தான் எல்.சி.யு. வகைப் படகுகள் பத்துப் பன்னிரண்டு நாட் வேகத்திலேயே காலம் தள்ளுகின்றன. நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர், ஆக சைக்கிளில் கொஞ்சம் வேகமாகப் போகிறவர் இவற்றைத் தாண்டிவிடுவார்.

நண்டு பிரித்தவர் சொன்ன விஷயத்துக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. கரையை நெருங்கும்போதே படகின் பின்பக்கத்திலிருந்து ஒரு நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டு, கயிற்றை விட்டுக்கொண்டே மணலில் ஏறுவார்கள். சுமை இறங்கியதும் அந்த நங்கூரத்தைப் பிடித்துத் தன்னைத் தானே பின்னால் இழுத்துக்கொள்ளும். பின்னால் இழுபட்டிருப்பதால் அலை குறுக்கே திருப்பவும் முடியாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஆயிரத்துக்கும் மேல் கட்டிய எல்.எஸ்.டி. என்ற, டாங்கி இறக்கும் கப்பல்களில் இன்னொரு தந்திரமும் இருந்தது. கடலில் போகும்போது தொட்டிகளில் தண்ணீரை நிரப்பி ஆழமாக அமிழ்ந்து ஓடும், கரைக்கு வரும்போது அதை வெளியேற்றிவிட்டு மிதப்பாக ஏறும். அப்படியும் மாலுமிகள் அந்த மூன்று எழுத்துக்கு 'பெரிய, மெதுவான இலக்கு' என்றுதான் விரிவாக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

மலிவு என்று பார்த்தால் அந்தப் போரின் ஹிக்கின்ஸ் படகை யாரும் மிஞ்ச முடியாது. நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் வடிவமைத்தது. 36 அடி நீளம், உடம்பு பெரும்பாலும் பிளைவுட், ஒரு டீசல் எஞ்சின், 36 வீரர்கள். இருபதாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். ஆனால் அதுவும் மிதக்க மூன்று நான்கு அடித் தண்ணீர் வேண்டும். 1943 நவம்பரில் பசிபிக் கடலின் தராவாத் தீவில் அந்தத் தண்ணீர் இல்லை. எதிர்பார்த்த அளவு கடல் ஏறாததால் படகுகள் பவளப் பாறையிலேயே நின்றுவிட்டன. வீரர்கள் நெஞ்சளவுத் தண்ணீரில் நூற்றுக்கணக்கான கஜம் நடந்து துப்பாக்கிக்கு நேராகப் போனார்கள். பாறையை ஏறித் தாண்டியவை சங்கிலிச் சக்கரம் வைத்த நீர்நில வண்டிகள் மட்டும்தான். கொஞ்சம் தண்ணீர் குறைந்ததற்குக் கொடுத்த விலை எந்த டெண்டரிலும் வராது.

மோரிப் கதையில் ரத்தம் இல்லை, அதனால் சிரிக்கலாம். 1945 செப்டம்பர் 9, மலாயாவின் மேற்குக் கரை. இந்தியாவிலிருந்து கிளம்பிய பெரும்படை அங்கே இறங்கியது. ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்துவிட்டதால் எதிர்க்க ஆளில்லை. ஆனால் மேலே கெட்டியாகத் தெரிந்த மணலுக்குக் கீழே சேறு. வண்டிகள் வரிசையாகப் புதைந்தன. எதிரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு பலரும் எழுதினார்கள். படகு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, காலை வாரியது கரை.

இந்தக் கரைப் பிரச்சினையைத் தாண்டத்தான் ஹோவர்கிராஃப்ட் வந்தது. அமெரிக்காவின் எல்கேக், 1980-களிலிருந்து பணியில் இருக்கிறது. நான்கு கேஸ் டர்பைன்கள். அடியில் ரப்பர் பாவாடை, அதற்குள் காற்றை அடைத்து அந்த மெத்தையில் மிதந்து போகும். தண்ணீர், சேறு, மணல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். நான்கடி உயரத் தடையையும் தாண்டிவிடும், கரையில் நிற்காமல் உள்ளே போய்ச் சுமையை இறக்கும். சாதாரணப் படகுகளால் உலகக் கடற்கரையில் 15 சதவீதத்தில்தான் ஏற முடியும், எல்கேக்கால் 70 சதவீதத்துக்கு மேல் ஏற முடியும் என்பது அமெரிக்கக் கடற்படை வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சுமை 60 டன், நெருக்கிப் பிடித்தால் 75. சுமையோடு 40 நாட் வேகம். அமெரிக்க டன் நம் டன்னைவிடக் கொஞ்சம் சின்னது. நம் ஆவடியின் 68 டன், அவர்கள் கணக்கில் சரியாக 75. எல்கேக்கின் கடைசி வரம்பில் போய் நிற்கிறது அர்ஜுன்.

சரி, இப்போது பணத்தை எடுத்து மேசையில் வைப்போம். எல்கேக்குக்குப் பதிலாக இப்போது வந்துகொண்டிருக்கும் புதிய ஹோவர்கிராஃப்ட் ஒன்றுக்கு, எல்லாச் செலவும் சேர்த்து ஐந்து கோடி டாலருக்கு மேல் ஆகிறது. பழைய எல்.சி.யு.வுக்குப் பதிலாகக் கட்டப்படும் எல்.சி.யு. 1700 வகையில் மூன்று படகுகளுக்கு, வடிவமைப்பு வேலையும் சேர்த்து, 2023-ல் ஆஸ்டல் நிறுவனத்துக்குக் கொடுத்த ஒப்பந்தம் 9.15 கோடி டாலர். ஒன்று சுமார் மூன்று கோடி. புதிய ஹோவர்கிராஃப்டின் சுமை 74 டன், புதிய எல்.சி.யு.வின் சுமை 170 டன். குறைந்த விலையில் இரண்டு மடங்குக்கு மேல் சுமை. பிறகு எதற்கு ஹோவர்கிராஃப்ட்?

கணக்கு போட்டுப் பார்த்தேன். பழைய ஜோடியையே எடுத்துக்கொள்ளலாம்: எல்கேக் 60 டன், 40 நாட், எல்.சி.யு. 125 டன், சுமையோடு பத்து நாட் என்று வைப்போம். ஏற்ற அரை மணி, இறக்க அரை மணி என்று இரண்டுக்கும் நானாக வைத்துக்கொள்கிறேன். தாய்க்கப்பல் 25 கடல் மைல் தள்ளி நிற்கிறது. அதாவது 46 கிலோமீட்டர், மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் வரை. எல்கேக் ஒரு நடை போய்த் திரும்ப ஒன்றேகால் மணி, ஏற்றி இறக்க ஒரு மணி. மணிக்கு 26, 27 டன் கரை சேர்கிறது. எல்.சி.யு.வுக்குப் போகவர ஐந்து மணி, ஏற்றி இறக்க ஒன்று. மணிக்கு 21 டன். நாலு மடங்கு வேகம் கொடுத்த லாபம் அவ்வளவுதான்.

கப்பலை ஐந்து கடல் மைலுக்குக் கொண்டு வாருங்கள், மெரினாவிலிருந்து நீலாங்கரை தூரம். எல்கேக் மணிக்கு 48 டன், எல்.சி.யு. 62 டன். மெதுவான படகு ஜெயித்துவிடுகிறது. ஐம்பது கடல் மைலுக்குத் தள்ளினால் எல்கேக் 17, எல்.சி.யு. 11. தூரம் கூடக் கூட வேகத்துக்கு மதிப்பு, குறையக் குறையச் சுமைக்கு மதிப்பு. விலையையும் சேர்த்து வகுத்தால் 25 மைலில்கூட ஒரு டாலருக்கு அதிக டன் கொடுப்பது எல்.சி.யு.தான். எரிபொருளைச் சேர்த்தால் இன்னும் மோசம். எல்கேக் மணிக்குச் சுமார் ஆயிரம் காலன் குடிக்கும், நம் கணக்கில் 3,800 லிட்டர். ஒரு ஷேர் ஆட்டோ வாழ்நாளில் குடிக்கும் டீசலை நினைத்துக்கொண்டேன், விட்டுவிட்டேன்.

அப்படியும் அமெரிக்கா தொண்ணூறுக்கும் மேல் எல்கேக் கட்டியதற்குக் காரணம் தாய்க்கப்பலின் விலை. கரையிலிருந்து 25 மைலுக்கு அப்பால் நிற்கும் கப்பல் பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்திருக்கும், கரையில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து மைலுக்கு வந்தால் கரையிலிருக்கும் பீரங்கிக்கே எட்டும். சில நூறு கோடி ரூபாய்ப் படகில் மிச்சம் பிடிக்கப் பல ஆயிரம் கோடிக் கப்பலையும் அதிலுள்ளவர்களையும் முன்னால் தள்ளுவதா என்பதுதான் அங்கே கேள்வி. இறக்கும் வேகம் பற்றாமல் கப்பல் கரையருகே காத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1982 ஃபாக்லாந்துப் போர் சாட்சி. ஃபிட்ஸ்ராய் அருகே வீரர்கள் முழுக்க இறங்கி முடியாத நிலையில் பிரிட்டனின் 'சர் கலஹாட்' கப்பல் மேல் அர்ஜென்டினா விமானங்கள் குண்டு போட்டன. 48 பேர் இறந்தார்கள்.

தாய்க்கப்பலின் வயிறும் ஒரு கணக்கு. பின்பக்கம் கதவு திறந்து, உள்ளே தண்ணீரை விட்டுப் படகுகளை மிதக்கவைக்கும் கூடம் ஒன்று இந்தக் கப்பல்களில் இருக்கும். அமெரிக்காவின் வாஸ்ப் வகைக் கப்பலின் கூடத்தில் மூன்று எல்கேக் நிற்கும், அல்லது இரண்டு எல்.சி.யு. ஒரு நடைக்கு 180 டன்னா, 250 டன்னா? எல்.சி.யு. பக்கம் சாய்வதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். எல்.சி.யு. உள்ளே வர, கப்பல் பின்பக்கத்தை அமிழ்த்தித் தண்ணீர் வாங்க வேண்டும், அது மெதுவான வேலை. ஹோவர்கிராஃப்ட் காய்ந்த தளத்திலேயே ஏறி வந்துவிடும். ஆனால் எல்கேக்கில் ஐந்து பேர் காதை மூடிக்கொண்டு உட்காரலாம், தங்க முடியாது. எல்.சி.யு.வில் சமையலறை, படுக்கை எல்லாம் உண்டு. பத்து நாள் தனியாகவே கடலில் இருக்கும். ஒன்று வந்துபோகும் விருந்தாளி, இன்னொன்று குடித்தனக்காரர்.

நடுவழி தேடியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுடைய எல்-கேட் படகு, இரண்டு உடல்களுக்கு நடுவே தூக்கி இறக்கக்கூடிய ஒரு மேடை. மேடையைத் தூக்கினால் இரட்டைப் படகு, சுமையோடு 18 நாட் போகும். கரையை நெருங்கியதும் மேடையைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினால் தட்டையடிப் படகு, மணலில் ஏறும். 80 டன் சுமக்கும். நான்குதான் வாங்கினார்கள். மற்ற வேலைக்கெல்லாம், 11 நாட் போகும் சாதாரணப் படகுகளை 14 எண்ணிக்கையில் ஆர்டர் போட்டார்கள். புத்திசாலித்தனமான பிரிவினை என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த இரட்டை உடல் படகுக்கு உலகமெல்லாம் வழங்கும் பெயர் 'கேட்டமரான்', நம் கட்டுமரத்திலிருந்து போனது. கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது என்பதைப் பெயர் வைத்தவர்கள் கவனிக்கவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். நம் கடற்படையிடம் எல்கேக் மாதிரி டாங்கி சுமக்கும் ஹோவர்கிராஃப்ட் கிடையாது. ஹோவர்கிராஃப்ட் பார்க்க வேண்டுமென்றால் மண்டபத்துக்குப் போக வேண்டும், அங்கே கடலோரக் காவல் படையிடம் இருக்கிறது. பாக் நீரிணையில் ஆழம் கிடையாது, மணல் திட்டு வேறு, ரோந்துக் கப்பல் தட்டிவிடும். ஹோவர்கிராஃப்ட் அங்கேயும் 45 நாட் வரை போகும். 2024 அக்டோபரில் இன்னும் ஆறுக்கு சௌகுலே நிறுவனத்தோடு 387.44 கோடியில் ஒப்பந்தம் போட்டார்கள். ஒன்று சுமார் 65 கோடி, கிட்டத்தட்ட ஒரு அர்ஜுன் டாங்கியின் விலை. ஆனால் இது ஆளைத் துரத்தும், ஆளைக் காப்பாற்றும், டாங்கியை ஏற்றாது.

நாம் பணம் போட்டது எல்.சி.யு. மார்க் 4 மேல். எட்டும் 2017-க்கும் 2021-க்கும் இடையில் சேர்ந்தன. அந்தமான்தான் வீடு. பெயர் எல்.சி.யு. என்றாலும் அமெரிக்க எல்.சி.யு.வோடு ஒப்பிட்டால் இது வேறு ஜாதி. அது 41 மீட்டர், இது 63 மீட்டர். அது தாய்க்கப்பலின் வயிற்றில் போக வேண்டியது, இது தானே கடல் தாண்டும் சின்னக் கப்பல். நூற்றைம்பது வீரர்களுக்கு இடம், 30 மில்லிமீட்டர் துப்பாக்கி இரண்டு, அர்ஜுனை ஏற்றும் தளம். பன்னிரண்டு நாட் வேகத்தில் 1,500 கடல் மைல் போகும். சென்னைத் துறைமுகத்தில் அந்தமான் கப்பல் ஏறியவர்களுக்குத் தெரியும், இரண்டரை மூன்று நாள் பயணம். அந்தத் தூரத்தை இது யார் தயவும் இல்லாமல் போய்விடும். எல்கேக் 200 மைலில் எரிபொருள் தீர்ந்து நின்றுவிடும். அண்ணன் மகனின் ஆட்டுக்குட்டிக்கு ஏன் 270 கோடி என்றால் இதற்குத்தான். அதற்கு யானை தேவையில்லை.

2004 சுனாமியில் கார் நிக்கோபாரில் படகுத்துறைகள் உடைந்துபோனபோது இப்படி மணலில் நேராக மூக்கை வைக்கும் கலங்களின் அருமை தெரிந்தது. நமக்கும் ஒரு தடவை தெரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விசாகப்பட்டினத்திலிருந்து நிவாரணப் பொருளோடு சென்னை வந்தது ஐ.என்.எஸ். ஐராவத், டாங்கிகளை ஏற்றக்கூடிய தரையிறக்கும் கப்பல். டாங்கிகள் நிற்கும் தளத்தில் அன்று வந்தவை ரப்பர் படகுகளும் மூட்டைகளும். 2020 ஜூனில் கொழும்பில் மாட்டிக்கொண்ட 685 பேரைத் தூத்துக்குடிக்குக் கூட்டி வந்தது அந்த 200 கோடி யானைதான்.

விலை எங்கே வீங்குகிறது என்று பார்க்க அமெரிக்காவின் இன்னொரு கதை போதும். தீவுகளுக்கு இடையே சின்னப் படைகளைக் கொண்டுபோக, கரையேறும் நடுத்தரக் கப்பல் ஒன்று வேண்டுமென்று மரைன் படை கேட்டது. சாதாரண வணிகக் கப்பல் மாதிரி மலிவாக இருக்கட்டும், பத்துப் பதினைந்து கோடி டாலர் போதும் என்பது ஆரம்பப் பேச்சு. கடற்படை, குண்டடி பட்டாலும் தாங்க வேண்டும் என்றது. அதைச் சேர், இதைச் சேர் என்று போய், 2024 ஏப்ரலில் அங்கே நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம், ஒரு கப்பலுக்கு 34 முதல் 43 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அந்த வருஷ டிசம்பரில் டெண்டரையே ரத்து செய்துவிட்டார்கள். அடுத்த வருஷம் டாமென் என்ற டச்சு நிறுவனத்தின் தயார் வடிவமைப்பை எடுத்துக்கொண்டார்கள். வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை: கொத்தனார் வந்த பிறகு மாடியில் ஒரு ரூம் கேட்பது.

படகே வேண்டாம், கரைக்கு ஒரு துறையைக் கொண்டுபோய்ப் பொருத்திவிடலாம் என்பதும் பழைய யோசனை. 1944-ல் நார்மண்டியில் செய்தார்கள். 2024-ல் காசாவில் அமெரிக்கா மிதக்கும் துறை ஒன்றை வைத்தது. ஒரு மீட்டருக்கு மேல் அலை எழுந்தாலே அதற்கு ஆபத்து. மே மாதக் கடைசியில் அலை உடைத்துவிட்டது, சரிசெய்து, கழற்றி, மாட்டி, மொத்தம் இருபது நாள்தான் வேலை செய்தது. சுமார் 23 கோடி டாலர் செலவு, ஒன்பதாயிரம் டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகச் சரக்கு. டன்னுக்கு 25,000 டாலருக்கு மேல். மெரினாவில் சாதாரண நாளிலேயே கரையோர அலை இடுப்புக்கு வரும். நம் பழைய மசூலாக்காரர்கள் அந்தத் துறையைப் பார்த்திருந்தால் கொடியை ஏற்றிவிட்டு வெற்றிலை போடப் போயிருப்பார்கள்.

அடுத்து நம் முன்னால் இருக்கும் முடிவு பெரிய கப்பல் பற்றியது. ஜலஷ்வா மாதிரி, ஆனால் புதிதாக, இங்கேயே கட்ட வேண்டுமென்ற திட்டம் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. 2013-ல் விட்ட டெண்டர் 2020-ல் ரத்தானது. போட்டியிட்ட எல் அண்ட் டி-யின் கப்பல் கட்டும் தளம் நமக்கு வடக்கே காட்டுப்பள்ளியில்தான் இருக்கிறது. 2025 அக்டோபரில் பாதுகாப்புக் கொள்முதல் குழு மறுபடி பச்சைக்கொடி காட்டியிருக்கிறது. செய்திகளில் வருவதெல்லாம் கப்பலின் டன்னும் கோடியும்தான். நான் தேடுவது ஒரே ஓர் எண்: பின்பக்கக் கூடத்தின் அகலம். எல்கேக் 14 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பிரெஞ்சு எல்-கேட் 12, 13 மீட்டர். எல்.சி.எம்.-8 ஆறரை மீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தக் கூடத்தை எத்தனை மீட்டருக்குக் கட்டுகிறார்களோ, அதற்குள் நுழையும் படகுதான் அடுத்த நாற்பது வருஷத்துக்கு. அந்தப் படகில் 68 டன் ஏறுமா என்பதை ஆவடியில் யாராவது எழுந்து நின்று இப்போதே கேட்டால் நல்லது.